காணாமற்போன 40 பக்கங்கள்

ஆண்டு மலர் என்றால் அட்டையில் பள்ளிக் கட்டடம், உள்ளே ஆசியுரை, அதன்பின் மாணவியர் கட்டுரைகள் என்று மட்டுமே எண்ணியிருந்தோம். அது முதலில் கணினியில் ஒரு கோப்பு என்பதும், அந்தக் கோப்பு கெட்டுப்போகும் என்பதும் இவ்வாண்டுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மலர்க்குழுவில் பத்தாம் வகுப்பிலிருந்து நால்வர். பிழை திருத்துவதற்காகத் தமிழாசிரியையுடன் மாலைவேளைகளில் தருமபுரி நகரிலுள்ள அச்சகத்துக்குச் செல்வோம். அங்கே அக்கா ஒருவர் பேஜ்மேக்கரில் பக்கம் அமைப்பார். 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 தான் கடைசிப் பதிப்பு, எங்களைவிட மூத்தது! பழகிய பாமினி எழுத்துருவுக்கு இதுவே வசதி என்று அக்கா அதை விடுவதாயில்லை.

40 பக்கங்கள் முடிந்த மாலையில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பென்டிரைவின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடுங்கினோம். யார் கை என்று கேட்காதீர்கள், அவசரப்பட்டது நால்வருமே.

மறுநாள் கோப்பு திறக்கவில்லை. "நேத்து கரண்ட் போய் போய் வந்துச்சே, அதனாலதான் இருக்கும்" என்றார் அக்கா. நாங்களும் தலையசைத்தோம். அக்காவிடம் வேறொரு பிரதி இருந்தது. ஆனால் அது ஐந்து நாள் பழையது, 24 பக்கமே கொண்டது.

மற்றவர்களிடம் மீண்டும் எழுதி வாங்கிவிடலாம். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தியிடம்தான் வாங்க முடியாது. அவள் பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய்விட்டனர். அவளும் இடையிலேயே பள்ளியை விட்டுச் சென்றாள். போவதற்கு முன்தினம் தன் கட்டுரையைக் கொடுத்து, "அக்கா, புத்தகத்தில வருமா?" என்று கேட்டாள். வரும் என்றோம். தட்டச்சு முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டதும் நாங்களே.

அன்று மாலைச் செபத்தில் எங்கள் மனம் நிலைகொள்ளவில்லை. அடுத்த நாள் ஆசிரியை முன்னிலையிலேயே அக்காவிடம் உண்மையைச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்வார் என்றிருந்தோம். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதும்போதே பிடுங்கினீங்கன்னா முழுசும் கெட்டிருக்காது. பாதியில நின்னிருக்கும், அவ்வளவுதான். இதை நேத்தே சொல்லக்கூடாதா?"

கெட்ட கோப்பை அவர் மறுபடி திறக்க முயலவில்லை. முதலில் அதைக் கணினியில் நகலெடுத்துக்கொண்டார். பிறகு வெற்றுப் பக்கங்களோடு புதுக்கோப்பு ஒன்று தொடங்கி, படமோ எழுத்தோ கொண்டுவரும் 'பிளேஸ்' கட்டளையைக் கொடுத்து, அதில் அந்த நகலைச் சுட்டினார். பேஜ்மேக்கர் ஒவ்வொரு தொடர் எழுத்துப் பகுதியையும் 'ஸ்டோரி' என்றே அழைக்கிறது. பழைய கோப்பிலுள்ள ஸ்டோரிகளை மட்டும் இவ்விதம் உருவி எடுக்கலாமாம்.

சிறிது நேரம் திரையில் அசைவே இல்லை. பின்னர் ஒரு பட்டியல் விரிந்தது. எங்களுக்கு அது ஒன்றும் புரியவில்லை; எல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தாறுமாறாய்க் கிடந்தன. கெட்டே போயிற்று என்று கண்கலங்கினோம். அக்கா சிரித்தார். பாமினியில் தட்டினால் உள்ளே சேர்வது ஆங்கில எழுத்துதானாம். எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் பூட்டுகிறது. அந்தச் சன்னலில் பாமினி இல்லை, ஆகவே உடுப்பில்லாமல் நிற்கின்றன!

அவர் விரல் ஒரு வரியில் நின்றது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

"பாப்பா, இது 'அம்மா'."

அந்தத் தங்கையின் கட்டுரை அப்படித்தான் தொடங்கும்! பக்கத்தில் இறக்கிப் பாமினியைப் பூட்டியதும் 'அம்மா வரும் பேருந்து' முழுதாக வந்துவிட்டது. இறுதியில் இருந்த இரண்டு கட்டுரைகள் மட்டும் அகப்படவில்லை. அவை எங்களுடையவை, ஒரே இரவில் திரும்ப எழுதினோம், முன்னைவிடச் சுருக்கமாக. (ஆசிரியைக்கு அதில் மகிழ்ச்சியே.)

அவள் வரைந்து தந்த பேருந்துப் படம் திரும்பவில்லை. அவ்விடத்தில் நாங்கள் வரைந்த பேருந்து நிற்கிறது. பின்சக்கரம் சற்றுப் பெரிதாகிவிட்டது. மலரை அனுப்ப அவளுடைய பெங்களூர் முகவரியை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம்.