குழாயில் தேங்கிய நீர்



இரவில் முகத்தில் மாஸ்க் அணிந்து, சிபேப் இயந்திரத்தின் துணையுடன் உறங்குவோர் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கின்றனர். நாமும் அவர்களுள் ஒருவர். கூச்சத்தால் நாம் மறைத்துவைத்த ஒரு செய்தி, பிறருக்குப் பயன்படட்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறோம்.

நமக்கு வயது 46. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதும், மூச்சு நின்று நின்று வருவதும் ஓர் இரவுப் பரிசோதனையில் தெரியவந்தன. ஒரு மணி நேரத்தில் 38 முறை. 30-ஐத் தாண்டினாலே கடுமையான நிலை என்றார் மருத்துவர். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் 1981-இல் வெளியிட்ட சிகிச்சை முறையே இந்த சிபேப். இயந்திரம் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சுப் பாதை மூடிக்கொள்ளாதபடி தாங்கிப் பிடிக்கிறது. அணிந்த இரவுக்கு மட்டுமே அதன் பயன். அணிந்த நாள் முதல் ஃபஜ்ருக்குத் தெளிந்த தலையுடன் எழுந்தோம். பாடம் நடத்தும்போது கண் சொருகுவது நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

கோடை வந்தது. நமது ஊர் கடற்கரை ஊர். புழுக்கம் தாளாமல் படுக்கையறையில் ஏசி பொருத்தி, 20 டிகிரியில் வைத்து உறங்கத் தொடங்கினோம். இரண்டாம் நாள் நள்ளிரவு, குழாய்க்குள் குடகுடவென்று ஓர் ஓசை. மறுகணம் சில்லென்ற நீர் மூக்கிற்குள் பாய்ந்தது. நீரில் மூழ்குபவரைப் போல் திணறி எழுந்து மாஸ்க்கைக் கழற்றி எறிந்தோம். அடுத்த இரவும் அவ்வாறே. இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நாமே முடிவு செய்து, அதைத் துணியால் மூடி அலமாரியில் வைத்துவிட்டோம்.

அப்போது நம் மனைவி, தம் உம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு வாரம் வெளியூர் சென்றிருந்தார். இரவுதோறும் தொலைபேசியில், "மெஷின் போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்பார். நாம் "ம்" என்போம். அந்த ஓர் எழுத்தில் பொய் சொல்லவில்லை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டோம். பொய்யின் தீங்கைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர் நாம்!

ஒன்பதாம் நாள் மாலை மத்ரஸாவுக்கு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பேரன் நம்மிடம் ஹிஃப்ழு ஓதும் பத்து வயதுச் சிறுவன். முந்தைய நாள் அவன் மனப்பாடமாக ஒப்புவித்த பாடத்தில் ஒரு வசனம் முழுவதுமாக விடுபட்டிருந்ததாம். வீட்டில் பாட்டனார் திருத்தியபோது அவன், "இல்ல வாப்பா, ஹஸ்ரத் கேட்டுட்டுச் சரின்னு தலையாட்டினாங்க" என்று சாதித்திருக்கிறான். பெரியவர் குறை கூறவில்லை, "உடம்புக்கு முடியலையா ஹஸ்ரத்?" என்றுதான் கேட்டார். நாம் தலையாட்டவில்லை. உறக்கத்தில் நம் தலை சாய்ந்திருக்கிறது. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. அன்றிரவு மனைவியிடம் நடந்தது அனைத்தையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "தண்ணி வருதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுநாள் மருத்துவரிடம் சென்றோம். இயந்திரத்தின் பதிவேட்டில் ஒன்பது இரவுகள் வெறுமையாக இருந்தன. அவர் கடிந்துகொள்ளவில்லை. "மெஷின்ல பழுதில்லை, உங்க அறை ரொம்பக் குளிர்" என்றார்.

விளக்கம் எளிது. மூக்கும் தொண்டையும் வறளாதிருக்க, இயந்திரத்தோடு இணைந்த ஹியூமிடிஃபையர் நீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்குகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் மட்டுமே. ஈரக் காற்று குளிர்ந்த குழாய் வழியே வரும்போது, தாங்க முடியாத மிச்சம் நீராக மாறிவிடுகிறது. நோன்பு திறக்கும் வேளையில் குளிர்ந்த சர்பத் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அதுவேதான் குழாயின் உட்புறத்தில் நடக்கிறது.

அவர் கூறியபடி நாம் செய்த மாற்றங்கள் இவை. ஏசியை 26 டிகிரிக்கு உயர்த்தி, அதன் காற்று குழாயின் மீது நேரே படாதவாறு திருப்பினோம். ஹியூமிடிஃபையரின் அளவை 5-லிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்தோம். 2-க்கு வந்தபோது தொண்டை வறண்டதால் 3-இல் நிறுத்தினோம். தலைமாட்டு அலமாரியில் இருந்த இயந்திரத்தைத் தாழ்வான முக்காலிக்கு மாற்றினோம். இப்போது குழாயில் நீர் சேர்ந்தாலும் முகத்தை நோக்கி வராமல் பின்னோக்கி வடிகிறது. மனைவி பழைய கம்பளிச் சால்வையை வெட்டிக் குழாய்க்கு உறை தைத்துக் கொடுத்தார். இவற்றாலும் தீராவிட்டால், குழாயையே இதமாகச் சூடாக்கும் வகை உண்டு. நம் இயந்திரத்துக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்க வேண்டும். நமக்கு அது தேவைப்படவில்லை.

நீர் பற்றியும் ஒரு சொல். நம் உம்மா, ஷிஃபா கிடைக்கட்டும் என்று ஜம்ஜம் நீரை அந்தத் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். தாது உப்புகள் உள்ள எந்த நீரும் தொட்டியில் வெண்படலமாகப் படியும். ஆகவே காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். "ஜம்ஜமை நான் குடிக்கிறேன் உம்மா, மெஷினுக்கு இது போதும்" என்றதும் சிரித்துக்கொண்டே குடிக்கத் தந்தார்கள். தினமும் காலையில் மீந்த நீரைக் கொட்டிவிடுகிறோம். தொட்டியைக் கழுவி நிழலில் உலர்த்துகிறோம். குழாயை வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு நீரில் கழுவித் தொங்கவிடுகிறோம். நீருடன் இயந்திரத்தைச் சாய்ப்பதில்லை. உள்ளே நீர் புகுந்தால்தான் உண்மையான பழுது ஏற்படும்.

அந்தச் சிறுவனை அழைத்து, "தவறு உன்னுடையது மட்டுமல்ல, ஹஸ்ரத் உறங்கிவிட்டேன்" என்று கூறினோம். விடுபட்ட வசனத்தோடு பாடம் முழுவதையும் மூன்று முறை ஓதச் சொல்லி, விழித்திருந்து கேட்டோம்.

உங்கள் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ இந்த இயந்திரத்தை அணிபவராயின், "போட்டீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "தண்ணி வருதா, மூக்கு காயுதா, ராத்திரியில கழட்டினீங்களா?" என்றும் கேளுங்கள். ஒரு குழாய் உறையும் ஒரு முக்காலியும் தீர்த்துவிடக்கூடிய தொல்லைக்காக எவரும் சிகிச்சையைக் கைவிட வேண்டாம். அணிபவரும் நம்மைப் போல் "ம்" என்று சொல்லி மறைக்க வேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும், ஃபஜ்ருக்கு எழும் உடல்நலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.