மூவருக்கும் ஒரே விலாசம்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

கோடை விடுமுறையில் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

என் தந்தையார் வயர்மேன். அந்த வீட்டுக்காரர்கள் சென்னைவாசிகள். கல்யாணம், படைப்பு என்றால்தான் வருவார்கள். மாடியில் சூரியத் தகடுகள், கீழே மூன்று தொகுதி பேட்டரிகள், தொகுதிக்கு ஒரு சார்ஜ் கண்ட்ரோலர். வயரிங் எல்லாம் அப்பா செய்தது. மூன்றின் நிலவரமும் சென்னையிலிருந்தே தெரிய வேண்டும் என்றார்கள். "இயற்பியல் படிக்கிறவன்தானே, நீ பாருடா" என்று அப்பா என்னிடம் விட்டார்.

இக்கருவிகள் பேசும் மொழிக்கு மோட்பஸ் என்று பெயர். மோடிகான் என்னும் அமெரிக்க நிறுவனம் 1979இல் ஆலைகளுக்காக வகுத்தது. ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகளைக் கோக்கலாம். தலைமைக் கருவி எண் சொல்லி அழைக்கும். அந்த எண்ணுக்குரியது மட்டுமே வாய் திறக்கும். எண்கள் 1 முதல் 247 வரை. 0 என்று அழைத்தால் எல்லாரும் கேட்பார்கள், ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள், வகுப்பில் பேராசிரியர் பொதுவாகக் கேள்வி கேட்பதைப் போல!

ஒரு கருவியைத் தனியே இணைத்தபோது அழகாகப் பேசியது. மூன்றையும் இணைத்தேன், மௌனம். கம்பியில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். அப்பா மறுபேச்சின்றிப் புதுக்கம்பி வாங்கி வந்தார். அதைக் கொண்டுபோக, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய, கண்ணாடிபோல் மின்னும் சுவரில் துளையும் போட்டோம். பலனில்லை. மூன்று வாரம் ஓடிற்று.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருநாள் பழைய டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே வெள்ளைச் சாயத்தில் சில எழுத்துகள். என்னவென்று கேட்டேன்.

"அதுதான் தம்பி விலாசம். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறதாலே பர்மாவிலே ஒரே பேரிலே எத்தனையோ செட்டியாருங்க. பேரை மட்டும் எழுதினா கடுதாசி யாருக்குப் போகும்? அதனாலே கடைக்குக் கடை தனி எழுத்து."

எனக்குச் சுருக்கென்றது. கண்ட்ரோலர்கள் மூன்றும் தொழிற்சாலையிலிருந்து 1 என்ற எண்ணோடே வந்திருந்தன. "ஒன்றே!" என்றழைத்தால் மூன்றும் ஒருசேரப் பேசும், செய்தி குழம்பும், சரிபார்ப்புக் கூட்டல் பொருந்தாமல் தலைமைக் கருவி அதைத் தள்ளிவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றி 2, 3 என்று மாற்றினேன். அரைமணி நேர வேலை!

வோல்ட்டை நூறால் பெருக்கிய எண்ணாகத் தரும் கருவிகள் அவை. முதலிரண்டும் 2530, 2520. மூன்றாவது 2190. 24 வோல்ட் தொகுதிக்கு அது பட்டினி நிலை. போய்ப் பார்த்தால், அதற்குத் தகட்டிலிருந்து வரும் கம்பி இணைப்பில் கழன்று கிடந்தது. எத்தனை நாளாகவோ! சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் இறுகிப்போகும். பிறகு என்ன ஏற்றினாலும் பழைய பலம் வராது. மின்கலத்தை ஆராயும் சிக்ரி இருக்கும் காரைக்குடியில் படித்துக்கொண்டு இதைத் தெரியாதென்று சொல்லவும் முடியாது. முதல் வாரத்திலேயே எண்ணைக் கவனித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

புது பேட்டரிகளின் விலையில் ஒரு பகுதி அப்பாவின் கூலியில் கழிந்தது. "இணைப்பு கழன்றது என் வேலையிலே வந்த குறை" என்று வீட்டுக்காரரிடம் அவரே சொல்லிவிட்டார். என் மூன்று வாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

கழற்றிய பழைய கம்பி எங்கள் வீட்டுப் பரணில் சுருளாகக் கிடக்கிறது. நல்ல கம்பி. அப்பா இன்னும் அதை எந்த வேலைக்கும் எடுக்கவில்லை.