மனச்சிதைவு நோயாளியைப் பேணும் வீட்டை மதிப்பிடுதல்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் சிலருக்கு மட்டும் நோய் ஏன் விரைவில் மீள்கிறது என்ற கேள்வியோடு 1950களில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள், வீட்டாரின் பேச்சுக்கும் நோய் மீள்வதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. அந்த ஆய்வுகளின் வழியே உருவான கேம்பர்வெல் குடும்ப நேர்காணல், நோயாளியோடு வாழும் உறவினரைத் தனியே பேசவைத்து, அவர் பேச்சில் வெளிப்படும் குறைகூறல், பகைமை, அளவுமீறிய ஈடுபாடு, பரிவு, பாராட்டு ஆகியவற்றைச் சொற்களிலிருந்து மட்டுமன்றிக் குரலிலிருந்தும் கணிப்பது.

இந்தக் கணிப்பில்தான் தமிழ் வீடுகளில் தடுமாற்றம் நேர்கிறது. முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் தாயை அளவுமீறிய ஈடுபாடு உடையவர் என்று குறித்துவிடலாம். ஆனால் அவர் மற்றப் பிள்ளைகளிடமும் அப்படித்தானா, இவனை விட்டு ஒரு கல்யாணத்துக்காவது போய்வருகிறாரா என்று விசாரிக்காமல் இடும் மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. மதிப்பெண்கள் இடத்துக்கு இடம் மாறுவதும் உண்டு: சண்டிகரில் 1980களில் இதே நேர்காணலைப் பயன்படுத்தியபோது, குறைகூறலோ பகைமையோ அளவுமீறிய ஈடுபாடோ மிகுந்த, அதாவது உயர் உணர்ச்சி வெளிப்பாடு கொண்ட, உறவினர்கள் லண்டனைவிடக் குறைவாகவே காணப்பட்டனர்.

வீட்டார் பெரும்பாலும் குறைசொல்வது நோயாளிக்குக் கேட்கும் அசரீரிக் குரல்களைப் பற்றியோ அவருடைய சந்தேகங்களைப் பற்றியோ அல்ல. குளிக்காமை, பேசாமை, எதிலும் நாட்டமின்மை போன்றவையே, அதாவது மருத்துவத்தில் எதிர்மறை அறிகுறிகள் எனப்படுபவையே, அவர்களை மிகுதியும் வாட்டுகின்றன. அவை நோயாகத் தெரியாமல் சோம்பலாகவும் திமிராகவும் தெரிவதால், "வேணும்னேதான் படுத்துக் கிடக்கிறான்" என்ற பேச்சு வருகிறது. எனவே "எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்டு "நல்லாத்தான் பாத்துக்கறோம்" என்ற பதிலைப் பெறுவதைவிட, நேற்றுக் காலை முதல் இரவு வரை நடந்ததை வரிசையாகச் சொல்லவைத்து, அவன் குளிக்காததற்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று இடையில் கேட்பதே பயன் தரும். ரசத்தில் மாத்திரையைக் கரைத்து அவனுக்குத் தெரியாமல் கொடுப்பதும் அப்போதுதான் வெளிவரும். அதைக் கேட்டதும் மதிப்பீட்டாளர் முகம் சுளித்தால், அடுத்த முறை அதைச் சொன்னவர் உண்மை பேசமாட்டார்.

மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பினர் உருவாக்கிய சுமை மதிப்பீட்டுப் படிவம், நாற்பது வினாக்களால் பராமரிப்பாளரின் பாரத்தை அளக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கும்போது அண்ணனின் நோயை மறைக்கவேண்டிய தவிப்பு, "எனக்கப்புறம் இவனை யார் பாப்பா" என்ற பயம் ஆகியவற்றைப் பேச இத்தகைய படிவம் ஒரு வாயிலாகலாம். அந்தப் பேச்சு வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதே நல்ல மதிப்பீட்டாளருக்கு அழகு.

குறைகூறலே இல்லாத வீடு எல்லாம் நல்ல வீடு என்று கொள்வதும் பிழை. தட்டை வாசலில் வைத்துவிட்டு யாரும் ஒரு வார்த்தை பேசாமல் நகரும் வீட்டிலும் குறைகூறல் பூச்சியமாகவே பதிவாகும். நம்பிக்கை இற்றுப்போன அந்த வீட்டைவிட, "எழுந்திரிடா, பல்லாவது தேய்" என்று தினமும் மன்றாடித் திட்டும் தகப்பன் உள்ள வீட்டில் கைகொடுக்க இடம் மிகுதி. கேம்பர்வெல் நேர்காணலில் பரிவைத் தனியாக மதிப்பிடச் சொல்லும் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிடும் மதிப்பீட்டாளருக்கு, இவ்விரு வீடுகளுள் எதற்கு முதலில் ஆள் அனுப்பவேண்டும் என்பது தெரியவராது.