மணமும் புகையும்

புகை எழுப்புவது எளிது. மணம் எழுப்புவது அரிது. ஓட்டமாவடியிலும் அயலிலுள்ள வாழைச்சேனையிலும் சாம்பிராணி இடும் தாய்மார் யாவரும் இதனை நன்கறிவர். 'வெள்ளி இரவு' என்று முஸ்லிம்கள் வழங்கும் வியாழக்கிழமை மாலையில் அவர்கள் இல்லங்களிலும், மறுநாள் மாலையில் எங்கள் இல்லங்களிலும் அதே நறுமணம் கமழும்.

செய்முறையும் ஒன்றே. சிரட்டைக் கரியைத் தணலாக்கி, அதன்மேல் வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருப்பர். கொழுந்துவிட்டெரியும் நெருப்பில் சாம்பிராணியை இட்டால் கரும்புகையும் கருகல் நாற்றமுமே மிஞ்சும். சாம்பல் போர்த்த தணலில் ஒரு சிட்டிகை தூவினாலோ பிசின் மெல்ல இளகும்; அதிலுள்ள பென்சோயிக் அமிலமும் வனிலினும் சிதையாது மேலெழும்.

இதனை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், மின்சிகரெட்டிலும் இதுதானே நடக்கிறது? அங்கே நெருப்பே இல்லை. பழவாசனை ஆவி மட்டுந்தான். அதில் என்ன கெடுதி?" என்று கேட்டான். நல்ல கேள்வி, அதட்டி அமர்த்தத் தக்கதன்று.

தத்துவம் ஒன்றுதான். 2003-ஆம் ஆண்டளவில் சீன மருந்தாளர் ஹொன் லிக் இன்றைய மின்சிகரெட்டுக்கு உருக்கொடுத்தார். கம்பிச் சுருள் ஒன்று சூடேறி, பஞ்சுத்திரியில் ஊறிய கிளிசரீன் கலவையை ஆவியாக்குகிறது. சுருளைத் தாமே சுற்றித் திரியைத் தாமே இட்டுக்கொள்வோரும் உளர். திரி நன்கு நனைந்து, சூடும் அளவோடிருந்தால் ஆவி மிருதுவாக வரும். திரி காய்ந்தால் கிளிசரீன் சிதைந்து அக்ரோலீன் உண்டாகும். அடுப்பில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கச் செய்வதும் அதுவே.

ஆயினும், சாம்பிராணி மணம் அறைக்கு உரியது. இந்த ஆவியோ நேரே நுரையீரலுக்குள் செல்வது. வெண்ணெய் மணம் தரும் டையசற்றில் என்னும் பொருள் உணவிற் சேரும்போது தீங்கற்றதென்றே கருதப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சோளப்பொரித் தொழிற்சாலையொன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரல் பழுதுற்றமை வெளிவந்தது. மின்சிகரெட்டுக்கான வாசனைத் திரவங்கள் சிலவற்றிலும் அதே பொருள் பின்னர் கண்டறியப்பட்டது. நாவுக்கு இனியதெல்லாம் நெஞ்சுக்கு இனியதன்று.

மிருதுவாக இருப்பதுதான் இதிலுள்ள பெரும் அபாயம். முதற் பீடியைப் புகைப்பவன் இருமுகிறான். அந்த இருமல் நெஞ்சின் காவற்காரன். இனிய ஆவி அக்காவற்காரனை உறங்கவைத்துவிட்டு, நிக்கொட்டினை ஓசையின்றி உள்ளே அழைத்துச் செல்கிறது. பழக்கம் வேரூன்றிய பின்னரே வீட்டுக்காரன் விழிக்கிறான்.

சாம்பிராணிப் புகையையுங்கூட மூடிய அறையில் நெடுநேரம் சுவாசித்தல் நன்றன்று. சாளரங்களைத் திறந்துவைத்தல் வேண்டும். நெஞ்சுக்கூட்டுக்கோ திறந்துவைக்கச் சாளரம் இல்லை. இலங்கையில் மின்சிகரெட் விற்பனை 2016-ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. அச்சட்டம் கடைவாசலில் நிற்கும். சட்டைப்பைக்குள் வந்துவிட்டதைத் தடுக்க மாணவனின் சொந்த அறிவே துணை.