அங்கியின் கடன்

'நடிப்பு' என்னும் சொல்லை மேடைக்கு வெளியே நாம் நல்ல பொருளில் வழங்குவது அரிது. ஒருவரைக் குறித்து 'நடிக்கிறார்' என்றால், அவரை நம்ப வேண்டாம் என்பதே பொருள். நற்செய்தி நூல்களில் 'வெளிவேடக்காரர்' என்று நாம் வாசிக்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பதும், நாடக மேடையின் நடிகனைக் குறித்து வழங்கிய சொல்லே. தொடக்கத் திருச்சபை நடிகரை ஐயத்தோடுதான் நோக்கியது. தெர்த்துல்லியன் காட்சிக் கலைகளைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். திருமுழுக்கு வேண்டி வந்த நடிகர் முதலில் தம் தொழிலைத் துறக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது.

ஆயினும் அதே திருச்சபைதான் நடிகர்களுக்குப் பாதுகாவலராக ஒரு புனிதரையும் தந்திருக்கிறது. உரோமையைச் சேர்ந்த ஜெனேசியுஸ், தியோக்கிளேசியன் காலத்தில், திருமுழுக்கை எள்ளி நகையாடும் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதே மெய்யாக மனம் மாறி, அதற்காக உயிர் துறந்தார் என்பது மரபு. வரலாற்றாசிரியர் இக்கதையை ஐயுறலாம். ஆனால் அது எழுப்பும் வினா நம்மை விடுவதாயில்லை. வேடமாக அணிந்த உடை, அணிந்தவரை மெய்யாகவே மாற்றக்கூடுமோ?

இவ்வினாவோடு நாம் அண்மையில் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸின் வாழ்வை வாசித்தோம். அவர் 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவரது பிறப்புச் சான்றில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. தம் தந்தை யார் என்று அவர் இறுதிவரை உறுதியாக அறிந்ததில்லை. தமக்கென ஒரு முகம் இல்லாதவர்போல, எண்ணற்ற முகங்களை அவர் மாறிமாறி அணிந்துகொண்டார். 1949-இல் வெளிவந்த ஒரு நகைச்சுவைப் படத்தில், ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அவரே தோன்றினார். அவ்வெண்மருள் ஒருவர் பெண்மணி, மற்றொருவர் மறைப்பணியாளர். பிற்காலத்தில் அசிசியாரின் வாழ்வைக் கூறும் படத்தில் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்டாக நடித்தார். மறு ஆண்டே, 1973-இல், இட்லராகவும் நடித்தார்.

வேடம் புண்படுத்தவும் வல்லது. 1948-இல் டிக்கன்ஸின் கதையொன்றில் அவர் பூண்ட ஃபேகின் வேடத்தின் மிகைப்பட்ட மூக்கும் தோற்றமும், பேரழிவைக் கண்டு மீண்ட யூத மக்களின் நெஞ்சைப் புண்படுத்தின. எதிர்ப்பின் காரணமாக அப்படம் அமெரிக்காவில் 1951-வரை வெளிவர இயலவில்லை.

நம் சிந்தனைக்குரிய நிகழ்ச்சி 1954-இல் வெளிவந்த 'ஃபாதர் பிரௌன்' படத்தோடு தொடர்புடையது. ஜி. கே. செஸ்டர்டன் படைத்த, துப்பறியும் கத்தோலிக்கக் குருவின் கதை அது. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் படப்பிடிப்பு நடந்தது. ஒருநாள் இருள் கவியும் வேளையில், கறுப்பு அங்கியைக் களையாமலே கின்னஸ் தம் விடுதிக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஓடிவந்த ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன், 'தந்தையே' என்றழைத்து அவர் கையைப் பற்றிக்கொண்டான். கையை வீசி ஆட்டியபடி, ஓயாமல் ஏதேதோ பேசிக்கொண்டே உடன் நடந்தான். தம் அரைகுறைப் பிரெஞ்சு அவனை அச்சுறுத்திவிடுமோ என்று கின்னஸ் வாய் திறக்கவில்லை. சிறிது தொலைவு சென்றதும் சிறுவன் வணக்கம் கூறி, வேலியின் இடைவெளியில் நுழைந்து மறைந்தான். அவரோ அப்போது கத்தோலிக்கர் அல்லர். திருச்சபையைப் பற்றி அவருக்கு நல்லெண்ணமும் அதிகமில்லை. ஆனால், முன்பின் அறியாத குழந்தையிடம் இத்தகைய நம்பிக்கையை வளர்க்கும் ஒரு திருச்சபை, பிறர் சொல்லுமளவுக்குச் சூழ்ச்சி நிறைந்ததாய் இருக்க முடியாது என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. 1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதை அவரே விவரிக்கிறார்.

அதே ஆண்டுகளில் அவருடைய ஒரே மகன் மாத்யூ இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தான். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கின்னஸ் ஒரு சிறிய கத்தோலிக்கக் கோவிலில் நுழைந்து அமர்வது வழக்கமாயிற்று. மகன் நலம்பெற்றால், அவன் கத்தோலிக்கனாக விரும்பும் நாளில் தாம் தடை செய்வதில்லை என்று இறைவனோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். குருமடத்து இறையியல் வகுப்பில் இத்தகைய பேரம் எளிதில் தேர்ச்சி பெறாது. ஆயினும் சோதோமுக்காக ஆபிரகாம் பேசியது பேரமன்றி வேறென்ன? மகன் நலமடைந்தான், இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றான், பின்னர்த் தன் விருப்பத்தைத் தெரிவித்தான். தந்தை சொல் தவறவில்லை. தாமும் டிராப்பிஸ்ட் துறவியரின் மடத்தில் தங்கித் தியானித்து, 1956-இல் திருச்சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு, 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக அவர் இலங்கையில் இருந்தபோது, மனைவி மெருலாவும் அவ்வழியைத் தேர்ந்துகொண்டார்.

களனி ஆற்றங்கரையில், கித்துல்கலவில் எடுக்கப்பட்ட அப்படம் அவருக்கு ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. அதில் அவர் ஏற்ற கர்னல் நிக்கல்சன், கைதியாயிருந்தும் எதிரிக்குச் செம்மையாகப் பாலம் கட்டித் தருபவர். கடமை எங்கே முடிந்து தற்பெருமை எங்கே தொடங்குகிறது என்று அறியாதவர். உடை மனிதனை உயர்த்தவும் கூடும், விழுங்கிவிடவும் கூடும் என்பதற்கு அப்பாத்திரத்தினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது சிறுவன் ஒருவனையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் துறவியின் உடைபோன்ற பழுப்பு அங்கியணிந்து கின்னஸ் நடித்தார். அது அவருக்குப் பெருஞ்செல்வத்தையும் அவர் விரும்பாத புகழையும் சேர்த்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுவன், அப்படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்ததாகக் கூறிக் கையொப்பம் வேண்டினான். இனி ஒருமுறையும் பார்ப்பதில்லை என்று வாக்களித்தால் தருவதாக அவர் கூற, சிறுவன் அழுதுவிட்டான், தாய் சினந்தார். கடுமைதான். ஆனால் அக்கடுமையில் ஓர் அக்கறையும் இருந்ததாக நாம் எண்ணுகிறோம். முதல் சிறுவன் அங்கியைக் கடந்து, அது சுட்டிய ஒருவரின் கையைப் பற்றினான். இரண்டாமவன் அங்கியோடு நின்றுவிட்டான்.

தொலைக்காட்சியில் அவர் எட்டிய உச்சம் 1979-இலும் 1982-இலும் பி.பி.சி. ஒளிபரப்பிய இரு தொடர்கள். ஜான் லெ காரே படைத்த ஜார்ஜ் ஸ்மைலி என்னும் உளவுத்துறை அதிகாரியாக அவற்றில் தோன்றினார். குரல் உயர்வதில்லை, முகம் பெரிதாய் மாறுவதில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. ஒப்புரவுத் தொட்டியில் அமரும் எங்களைப் போன்றோர் அக்கேட்டலிலிருந்து கற்கத்தக்கது உண்டு.

பர்கண்டிச் சிறுவனின் கதையை ஒரு காலத்தில் எளிதாகச் சொல்லி மகிழ்ந்திருப்போம். இன்று அவ்வாறு சொல்ல நா எழவில்லை. பிரெஞ்சு ஆயர் பேரவையே அமைத்த தற்சார்புடைய ஆய்வுக் குழு, 2021 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் அந்நாட்டில் குருக்களாலும் துறவியராலும் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறார் ஏறத்தாழ 2,16,000 பேர் என அது மதிப்பிட்டது. கின்னஸின் கையைப் பற்றி ஒரு சிறுவன் நடந்த அதே நாடு, அதே காலம். அவன் பற்றியது, நல்லவேளையாக, ஒரு நடிகரின் கை. மெய்யான குருக்களின் கையைப் பற்றிய எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்நல்வாய்ப்புக் கிட்டவில்லை.

ஆகவே கின்னஸ் வந்தடைந்த முடிவு தவறா? திருச்சபையின் குற்றமின்மைக்குச் சான்றாக அதைக் கொண்டால் தவறே. ஆனால் அவன் நம்பிக்கை பொய்யன்று. அது ஒரு கடன். அங்கியணிந்த அனைவர் பெயரிலும் அக்குழந்தை எழுதிவைத்த கடன். நாம் அங்கியோடு தெருவில் இறங்கினால், பெயரறியாத பிள்ளைகள் 'தோத்திரம் சாமி' என்று ஓடி வருகிறார்கள். சட்டையணிந்து பேருந்தில் ஏறினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தோத்திரம் நாம் ஈட்டியதன்று. நமக்கு முன் இங்கு உழைத்து மாண்ட நல்லோர் ஈட்டியது. நாம் அதைச் செலவழிக்கிறோம், அல்லது திருப்பிச் செலுத்துகிறோம்.

இது குருக்களுக்கு மட்டும் உரியதன்று. திருமுழுக்கில் வெள்ளாடை பெற்றோர், மணநாளில் வாக்களித்தோர், ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தோர் அனைவரும், தமக்கு இன்னும் பொருந்தாத ஓர் உடையைத்தான் முதலில் அணிந்துகொள்கிறோம். வெளிவேடக்காரர் அதைக் கொண்டு தம்மை மறைத்துக்கொள்கிறார். மனம் மாறுகிறவர் அதற்கேற்ப வளர முயல்கிறார். உடை ஒன்றே, திசை வேறு.

கின்னஸ் 2000 ஆகஸ்டு 5-ஆம் நாள் தம் 86-ஆம் அகவையில் இறந்தார். இரு திங்களில் மெருலாவும் அவரைப் பின்தொடர்ந்தார். படப்பிடிப்பு முடிந்ததும் அந்தக் கறுப்பு அங்கியை அவர் உடைக்கிடங்கில் திருப்பிக் கொடுத்திருப்பார். சிறுவன் அதற்குத் தந்த நம்பிக்கையை மட்டும் அவரால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. ஒருநாள் மாலைமட்டும் அணிந்த ஒருவரையே அது அவ்வளவு தொலைவு நடத்திச் சென்றதென்றால், நாள்தோறும் அணிபவர்களிடம் அது கேட்பது எவ்வளவு!