இரைச்சலும் குரலும்

1983 ஜூலை இறுதி. பங்சாரில், அங்காசாபுரிக் கட்டடத்தின் விளக்குகள் தெரியும் வீடொன்றில், ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர் ஒருவர் ஒவ்வோர் இரவும் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார். அவர் விரல்கள் சிற்றலையில் இலண்டன் தமிழோசையைத் தேடின. கொழும்பு எரிந்துகொண்டிருந்தது, அவருடைய தங்கை வெள்ளவத்தையில் இருந்தாள்.

சிற்றலை நேரே வருவதில்லை. வானில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல வழிகளில் வந்து சேர்கிறது. அவ்வலைகள் சேர்ந்து வலுப்பெற்றும், மோதி நலிந்தும் போவதால் குரல் எழும்பும், அமிழும். அமிழும்போது பெட்டி தானாகவே பெருக்கத்தைக் கூட்டும். அப்போது உயர்வது இரைச்சலே. ஆதலின், ஓசையின் உரப்பைக் கொண்டு குரலை மதிப்பிடுபவன் ஏமாறுவான்.

வெளிநாட்டு நிலையங்களுக்கு ஒலித்தர அறிக்கை எழுதிப் பழகியவர் அவர். ‘சின்போ’ முறையில் குரலின் வலு, குறுக்கீடு, இரைச்சல், ஏற்றத்தாழ்வு, மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும். அவர் கைக்கொண்ட வழி எளியது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட மௌனத்தில் இரைச்சலை மட்டும் கேட்பார். அடுத்த கணமே எழும் குரலோடு அதை ஒப்பிடுவார். சென்ற நிமிடத்து இரைச்சல் இந்த நிமிடத்துக்கு அளவுகோலாகாது. மெல்ல ஏறியிறங்கும் அலைவை இரைச்சலின் கணக்கில் சேர்ப்பதும் தவறு. குரலோடும் இரைச்சல் கலந்தே வருவதால், அதைக் கழித்த பின்னரே குரலின் உண்மை வலு தெரியும். விகிதம் 20 டெசிபெல் என்றால் குரலின் ஆற்றல் இரைச்சலைப்போல் 100 மடங்கு. 0 என்றால் இரண்டும் சமம்.

ஓரிரவு “வெள்ளவத்தை” என்ற சொல் தெளிவாக வந்தது. அடுத்த வாக்கியம் அமிழ்ந்துபோயிற்று.

“இஞ்சேருங்கோ, என்ன சொல்லுறாங்கள்?” என்றார் மனைவி.

ஏதோ ஒரு சொல் காதில் விழுந்தாற்போலத்தான் இருந்தது. அது பெட்டியிலிருந்து வந்ததா, தம் நெஞ்சிலிருந்து வந்ததா?

“விளங்கேல்லை. விளங்காததை நான் சொல்லமாட்டன்.”

குறிப்பேட்டில் மொத்தத் தரம் 1 என்று எழுதினார். ஊகத்தையே செய்தியாக்கிச் சில வீடுகளில் அழுகுரல் எழுந்தது, அவ்வீட்டில் எழவில்லை. நம்பிக்கை மொழியும் எழவில்லை. இரண்டுக்கும் நடுவே காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அவ்விருவரே அறிவர்.

சில வாரங்கள் சென்றபின் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீடு எரிந்துவிட்டதாம், உயிர் தப்பினார்களாம். கையெழுத்து தங்கையுடையது. அதில் இரைச்சல் இல்லை.