மொய் நோட்டு லாரியில் ஏறவில்லை

ஜூலை 29, 2025, செவ்வாய்

கோயம்புத்தூரில் மகன் வீடு பிடித்துவிட்டான். மூன்றாவது மாடி. ஆடியில் குடிபோகக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லியாயிற்று. சாமான் கட்ட ஒரு மாதம் தாராளம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு இரும்புப் பெட்டியைத் திறந்ததும் வீட்டுக்காரர் முதலில் எடுத்தது மொய் நோட்டு. நாலு பக்கம் புரட்டியதும் ஒரு மாதம் போதாது என்று தெரிந்துபோனது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கறம்பக்குடி, வடகாடு, கீரமங்கலம், அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் ஆடி ஆவணி என்றால் மொய் விருந்துதான். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டாம். பணம் தேவைப்பட்டவர் பந்தல் போட்டுக் கிடாக்கறிச் சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள்.

நாங்களும் வைத்தோம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயலில், அறுபத்திரண்டு தென்னையில் ஒன்பதுதான் நின்றது. அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தது. விழுந்த மரத்தை அறுத்து ஏற்றுவதற்கே பாதி போய்விட்டது. மறு வருஷ ஆடியில் ஆறு குடும்பத்தோடு சேர்ந்து பத்திரிகை அடித்தோம். வந்த மொய்யில்தான் போர் போட்டதும் கன்று வைத்ததும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. நோட்டில் ஆளுக்கு ஒரு வரி. அவர்கள் விருந்து வைக்கும்போது பழையதைத் தீர்த்து, மேலே புது நடையும் போட வேண்டும். போடாவிட்டால் யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். டீக்கடையில் பேர் அடிபடும்.

இன்னும் நாற்பத்தொரு வரி அடிக்கப்படாமல் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

ஒரே நாளில் மூன்று விருந்து. வடகாட்டில் கை கழுவிக்கொண்டு இருக்கும்போதே, இவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள்.

“ஏன் தங்கச்சி, ஊரைவிட்டே போறீகளாமே? எங்க விருந்து அடுத்த ஆடிக்குத்தான்.”

“கோயம்புத்தூரு என்ன சிங்கப்பூரா? பஸ் ஏறுனா ராத்திரிக்குள்ள வந்துருவோம்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் கறி இறங்கவில்லை. கடன் வாங்கினவள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிற மாதிரி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேஸ் ஏஜென்சி. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால், பழைய டெபாசிட்டைக் கொடுத்து டி.வி. என்று ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். அதைக் காட்டித்தான் அங்கே இணைப்பு வாங்க வேண்டும்; அங்கே சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய். “ஏஜென்சில டி.வி. குடுத்தாங்க” என்று இவர் தெருவில் சொல்லிவைக்க, சாயங்காலம் பாய் வீட்டம்மா எத்தனை இஞ்ச் என்று பார்க்க வந்துவிட்டார்கள்.

ரேஷன் கார்டை மாற்றப் போவதில்லை. 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்து எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். பொங்கல் டோக்கனுக்கு இங்கே வர ஒரு சாக்கு இருக்கட்டும் என்கிறார் இவர்.

ஆகஸ்ட் 20, புதன்

அடித்த வரி முப்பது. மீதம் பதினொன்று. மழையூரில் இரண்டு, வாண்டான்விடுதியில் ஒன்று இந்த ஆவணிக்குள் முடிந்துவிடும். மற்ற எட்டுப் பேர் எப்போது வைப்பார்களோ. பணத்தை இப்போதே கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இலையில உக்காராம குடுத்தா அது மொய்யா?” அதுவும் சரிதான்.

மற்ற சாமான் கதை சுருக்கம். குட்டியானையில் அடங்காது, 407 லாரி சொல்லியிருக்கிறது. பழைய துடைப்பம் வராது. அம்மி பாய் வீட்டுக்கு. மம்பட்டியும் அலக்கும் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த கொழுந்தனுக்கு. அந்தக் கன்றுகளில் இந்தச் சித்திரையில்தான் முதல் பாளை வெடித்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 27, புதன், பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை அவித்த இட்லிச் சட்டிதான் கடைசியாக ஏறிய பாத்திரம். தார்ப்பாய் கட்டி, ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பியது. திருச்சி, கரூர், காங்கேயம், பல்லடம் வழி. மொய் நோட்டை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைக்கப் பார்த்தார் இவர். நான் வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

விடியற்காலையில் பால் பொங்கியது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கலாம் என்று வந்தால், இந்தப் பக்கத்துக்குப் பில்லூர்த் தண்ணீர்தானாம்.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். பால் கொடுத்தேன். குடித்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே, ஒரு கவரைக் கையில் திணித்தாள். நூற்றொரு ரூபாய். இவர் உடனே என் பையைத் துழாவி நோட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் நோட்டில் ஊர்ப் பேர்தான் முதலில். பிறகுதான் ஆள் பேர்.

“எந்த ஊரும்மா?”

அவள் கொஞ்சம் முழித்தாள். “சொந்த ஊருங்களா, இப்ப இருக்கறதுங்களா?”

பேனாவைப் பிடித்தபடி இவர் என்னைப் பார்த்தார்.